வீண்போன ஆண்டுகள் எவை?

பொறியியல் கற்றுச் சில ஆண்டுகள் தொழிலும் பார்த்த ஒருவர் மருத்துவபீடத்துட் புகுந்து, பட்டமும் பெற்று, இனி என்பியற் சத்திரசிகிச்சையே தமது துறை எனத் தீர்மானிக்கிறார் என வைத்துக்கொள்வோம். இச்செய்தி எழுவான்கரைக் கிராமமொன்றுக்கு எட்டினாலும் சரி, வாவி கடந்து படுவான்கரைக்குச் சென்றாலும் சரி, முதலில் எழும் வினா ஒன்றாகவே இருக்கும்: "அப்படியென்றால் பொறியியல் படித்த காலமெல்லாம் வீண்தானே?" இவ்வினாவைக் கேட்போர் கல்லாதவரல்லர். பெற்றோர் கேட்பர், பாடசாலை ஆசிரியர் கேட்பர், பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையில் தேநீர் அருந்தியபடி விரிவுரையாளரும் கேட்பர். அனுதாபத்தோடு கேட்கப்படுவதால் இவ்வினாவின் பிழை எவர் கண்ணுக்கும் எளிதிற் படுவதில்லை.

இதனுள்ளே ஒரு நம்பிக்கை மறைந்து கிடக்கிறது. அறிவென்பது தண்டவாளத்தின்மேல் ஓடும் புகைவண்டி. ஒருவர் ஏறிய வண்டி எங்கு செல்லுமோ அங்குதான் அவர் இறங்கவேண்டும். நடுவழியில் இறங்கி வேறு வண்டி ஏறினால் அதுவரை கடந்த தூரமெல்லாம் கழிவு என்பதே அந்த நம்பிக்கை. இந்நாட்டின் கல்வி முறையும், பெற்றோரின் கனவும், தனியார் கல்வி நிலையங்களின் விளம்பரத் தட்டிகளும் இந்நம்பிக்கையின்மீதே எழுப்பப்பட்டுள்ளன. இது பொய்யான நம்பிக்கை. பொய்யென்பதோடு நில்லாமல், மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்து வாழும் ஏழை மக்களின் கைகளையும் கால்களையும் விலையாகக் கேட்கும் நம்பிக்கையுமாகும்.

முதலிற் சுவர் எங்கே எழுகிறது என்பதை நோக்கல் தகும். க.பொ.த. சாதாரணதரப் பெறுபேறு கையிற் கிடைத்ததும், பதினாறு வயதுப் பிள்ளை கணிதப் பிரிவா, உயிரியற் பிரிவா எனத் தீர்மானிக்கவேண்டியவனாகிறான். முந்தியது பொறியியலுக்கு, பிந்தியது மருத்துவத்துக்கு என்பது ஊரறிந்த விதி. இவ்விரு பிரிவினரும் உயர்தரத்திற் கற்கும் பாடங்கள் மூன்று. அம்மூன்றில் பௌதிகவியலும் இரசாயனவியலும் இரு சாராருக்கும் பொதுவானவை. ஒருவர் இணைந்த கணிதத்தையும் மற்றவர் உயிரியலையும் கற்பதே எஞ்சிய வேறுபாடு. ஒரே பாடசாலையில், ஒரே ஆசிரியரிடம், ஒரே நெம்புகோற் கணக்கைச் செய்த இருவர், ஒரு பாட வேறுபாட்டினால் வாழ்நாள் முழுவதும் இரு வேறு சாதியினராகிவிடுகின்றனர். மும்முறைக்கு மேல் உயர்தரத்துக்குத் தோற்றியவர் பல்கலைக்கழக அனுமதிக்குக் கணிக்கப்படுவதில்லை. ஒரு பீடத்திற் படித்து முடித்தவருக்கு மறு பீடத்தின் வாயில் எளிதில் திறப்பதுமில்லை. பதினாறு வயதிற் செய்த தெரிவு ஏறத்தாழ ஆயுட்தண்டனையாக மாறுகிறது.

இனி, என்பியல் என்பதுதான் யாது? மருத்துவத் துறைகள் அனைத்துள்ளும் பொறியியலோடு மிக நெருங்கிய உறவுடையது அதுவே. என்பு ஒரு தூண், மூட்டு ஒரு சுழலிடம், தசை இழுவிசை, தசைநாண் கயிறு. இவ்வுண்மையை முதலில் தெளிவாகக் கண்டவர்களுள் ஒருவர் வைத்தியரல்லர். 1860களில் சூரிச் நகரிற் கார்ல் குல்மான் என்னும் பொறியியற் பேராசிரியர், உடற்கூற்றறிஞர் ஹேர்மான் வொன் மையர் குறுக்கே அரிந்து வைத்திருந்த தொடையென்பின் மேற்பகுதியைக் கண்டார். அதன் உட்புற நுண்வரிகள், பாரந்தூக்கிப் பொறி ஒன்றினுள் விசைகள் செல்லும் வழிகளைப் போன்றே அமைந்திருந்தமை அவருக்குப் புலனாயிற்று. உடற்கூற்றறிஞர் நாள்தோறும் பார்த்த என்பைப் பொறியியலாளர் ஒருவரே வாசித்தறிந்தார். பாரத்துக்கேற்ப என்பு தன்னைத் திருத்தியமைத்துக்கொள்கிறது என்று ஜூலியஸ் வுல்ஃப் 1892இல் வெளியிட்ட கோட்பாட்டுக்கு இக்காட்சி ஒரு படிக்கல்லாயிற்று.

அத்துணை தூரம் செல்லவும் வேண்டியதில்லை. ஊரில் ஊன்றுகோல் பிடித்து நடக்கும் முதியவரைப் பார்த்தாற் போதும். வலது இடுப்பு நோவெடுத்தவர் கோலை எந்தக் கையிற் பிடிக்கவேண்டும்? பெரும்பாலோர் வலக்கை என்பர். இடக்கை என்பதே சரியான விடை. ஒற்றைக் காலில் நிற்கும்பொழுது உடலின் பாரம் தாங்கலில்லாத பக்கம் சாய முயல்கிறது. அதனைத் தடுக்க இடுப்பின் வெளிப்புறத் தசைகள் மிகக் குறுகிய நெம்புகரத்தினால் இழுக்கவேண்டியிருக்கிறது. ஆதலால் மூட்டின்மேல் விழும் விசை உடற்பாரத்தின் இரண்டரை மடங்குக்கும் மேலாகிறது. எதிர்க்கையில் உள்ள கோல் மூட்டிலிருந்து நெடுந்தூரத்தில் ஊன்றப்படுவதால், சிறிதளவு அழுத்தமே பெரும் பாரத்தைக் குறைத்துவிடுகிறது. இது மருத்துவமா, பொறியியலா? இவ்வினாவுக்கு விடை கூற இயலாமையே, இரண்டுக்கும் நடுவே எழுப்பப்பட்ட சுவர் இயற்கையானதன்று என்பதற்குச் சான்று.

வாதத்துக்கு வரலாறு துணை வேண்டுமெனின், தமிழ் நிலத்திலேயே அது கிடக்கிறது. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு ஆங்கில மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் போல் பிராண்ட். ஒன்பது வயதிற் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். மலைமக்களுக்கு வீடு கட்டியும் மருந்து கொடுத்தும் உழைத்த தந்தை 1929இற் காய்ச்சலுக்குப் பலியானார். தந்தையின் வழியிற் கட்டிடம் கட்டுபவராக இந்தியாவுக்குத் திரும்பவேண்டும் என்பதே மகனின் எண்ணம். பாடசாலையை விட்டுப் பதினாறு வயதளவில் கட்டிடத் தொழிலிற் சேர்ந்த அவர், தச்சுவேலை, மேசன்வேலை முதலியவற்றை ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பயின்றார். சீழும் இரத்தமும் கண்ட சிறுவயது நினைவினால் மருத்துவத்தை அவர் விரும்பவேயில்லை. பின்னரே மனம் மாறி இலண்டனில் மருத்துவம் கற்கப் புகுந்து, 1943இற் பட்டம் பெற்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். பல்கலைக்கழகப் பொறியியற் பட்டம் அவரிடம் இருக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் மரத்தையும் கல்லையும் கயிற்றையும் கையாளும் அறிவு அவர் விரல்களில் இருந்தது. அவ்வூரில் அன்று ஒருவர் எழுந்து, "தச்சுவேலை பார்த்த ஐந்தாண்டும் வீண்தானே?" என்று கேட்டிருந்தால், அக்கேள்விக்கு விடை செங்கல்பட்டிற் காத்திருந்தது.

செங்கல்பட்டுத் தொழுநோய் நிலையத்தில் அப்பொழுது பணியாற்றியவர் தோல்நோய் நிபுணர் ரொபேட் கொக்ரேன். 1947இல் அங்கு சென்ற பிராண்ட், விரல்கள் பறவையின் நகம்போல் மடங்கிய நோயாளரைக் கண்டார். இக்கைகளை இத்துணை காலம் எந்த என்பியல் வைத்தியரும் ஏன் ஆராயவில்லை என்ற வினா அவரை உறுத்தியது. நோயாளர் ஒருவரின் கையைப் பற்றியபோது அப்பிடி அவர் கையை நோகச் செய்யுமளவு வலிதாயிருந்தது. மற்றோர் அக்கையிற் சிதைவைக் கண்டனர். பிராண்டோ அதில் இயங்கிக்கொண்டிருக்கும் இழுவிசையைக் கண்டார். முழங்கையின் பின்னே தோலுக்கு அண்மையாகச் செல்லும் நரம்பு கெட்டதால் உள்ளங்கையின் சிறுதசைகள் செயலிழந்தன. முன்கையின் பெருந்தசைகளோ நலமாகவே இருந்தன. சமநிலை குலைந்ததே விரல் மடங்கியதன் காரணம். கட்டிடமொன்றின் ஒரு பக்கத் தாங்குகயிறு அறுந்தால் மறுபக்கக் கயிறு கம்பத்தைச் சாய்த்துவிடும் என்பது கட்டிடத் தொழிலாளி அறிந்த பாடம். நலமான தசைநாண் ஒன்றை எடுத்து, வழியை மாற்றி, விரல்களிற் பொருத்தினாற் சமநிலை மீளுமன்றோ? இவ்வெண்ணத்தின்மீதே வேலூரிற் சத்திரசிகிச்சைகள் தொடங்கின. மூடிய விரல்கள் விரிந்தன.

இங்கேதான் கதை முடிந்திருப்பின், உடலை இயந்திரமாகக் கருதுவோர் கைகொட்டி மகிழ்ந்திருப்பர். கதை முடியவில்லை. செப்பனிட்ட விரல்கள் மீண்டும் சிதைந்தன. காரணம் தேடிப் பிராண்ட் நாட்கணக்காக நோயாளரைக் கவனித்தார். துருவேறிய பூட்டொன்றில் அவரால் திருப்ப இயலாத திறப்பை நோயுற்ற சிறுவன் ஒருவன் இலகுவாகத் திருப்பினான். அவன் விரலோ என்புவரை வெட்டுண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. உறங்குவோரின் விரல்களை இரவில் எலிகள் கடித்தன, அதுவும் தெரியவில்லை. தொழுநோய் விரலை "உண்பதில்லை"; நோவுணர்வு இல்லாமையே விரலை அழிக்கிறது என்ற பேருண்மை இவ்வாறு புலனாயிற்று. எந்தப் பொறியும் நோவதில்லை. உடல் நோகிறது, நோவதனாலேயே பிழைக்கிறது. கட்டிடத் தொழிலாளியின் கணக்கு முதற்பாதியைத் தந்தது. நோயாளியின் அருகே அமர்ந்த வைத்தியரின் கண் மறுபாதியைத் தந்தது. ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தமையாலேயே முதற்பாதியின் தோல்வி மறுபாதியின் தொடக்கமாயிற்று.

மற்றொன்றும் அவதானிக்கத்தக்கது. விரல் நிமிர்ந்தவரைப் பிச்சைப் பாத்திரமும் கைவிட்டது, தொழிற்சாலையும் சேர்க்கவில்லை. ஆதலால் 1951இல் வேலூரில் "நவஜீவ நிலையம்" எழுந்தது. அங்கு நோயாளருக்குத் தச்சுவேலை பயிற்றுவிக்கப்பட்டது; உணர்விழந்த கையைக் காயப்படுத்தாத வகையிற் கருவிகளின் பிடிகள் மாற்றப்பட்டன. அந்த ஐந்தாண்டுத் தச்சுத் தொழில் மறுபடியும் அரங்கேறியது அங்கேதான். காலிற் புண் வருவதும் இவ்வாறே ஆராயப்பட்டது. ஓரிடத்திற் குவியும் அழுத்தமே புண்ணுக்குக் காரணம். பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்பினால் புண் ஆறும். ஆகவே சாந்துக்கட்டும், மென்ரப்பர் அடிவைத்த பாதரட்சையும் மருந்தாயின. விசையைப் பரப்பளவினால் வகுத்தால் அழுத்தம் என்பது க.பொ.த. வகுப்புச் சூத்திரம். அச்சூத்திரம் எத்தனையோ கால்களை வெட்டுக்கத்தியிலிருந்து காத்தது. 1960இல் லாஸ்கர் விருது பெற்ற பிராண்ட், 1966இல் அமெரிக்காவின் கார்வில் நிலையத்துக்குச் சென்று அதே அறிவை நீரிழிவினால் உணர்விழந்த பாதங்களுக்கும் பயன்படுத்தினார். கையின் இயக்கவியல் பற்றி 1985இல் அவர் வெளியிட்ட நூல் சத்திரசிகிச்சை வைத்தியருக்கான நூலாயினும், அதன் பக்கங்கள் விசை, நெம்புகரம், இழுவை என்பவற்றைப் பற்றியே பேசுகின்றன. 2003இல் அவர் மறைந்தார்.

பிராண்டின் கதை தனி அதிசயமெனத் தள்ளிவிட இயலாது. இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டை அமைக்க முயன்றபோது, வழுவழுப்பான டெஃப்லோனை முதலிற் பயன்படுத்தித் தோல்வி கண்டார், அது தேய்ந்தது, தேய்ந்த துகள்களை உடல் ஏற்கவில்லை. தொழில்நுட்பப் பணியாளர் ஹரி கிரேவன் உதவியோடு வேறு பொருள்களைத் தேய்த்துப் பரிசோதித்து, 1962இல் உயரடர்த்திப் பொலித்தீனைக் கொண்டு வெற்றி கண்டார். இந்தியாவில் ஜெய்ப்பூரில் சத்திரசிகிச்சை வைத்தியர் பி. கே. சேத்தியும், முறையான கல்வி அதிகம் பெறாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் இணைந்து 1960களின் பிற்பகுதியில் ஆக்கிய "ஜெய்ப்பூர் கால்", சப்பாத்தின்றி நடக்கவும், சம்மணமிட்டு அமரவும், வயலிற் சேற்றில் இறங்கவும் இடந்தந்தது. மேனாட்டுப் பொய்க்கால் நாற்காலியில் அமர்பவனுக்கு உரியது. இது வயலில் நிற்பவனுக்கு உரியது. பட்டறையும் சத்திரசிகிச்சைக் கூடமும் ஒன்றையொன்று சந்தித்த இடங்களிலேயே என்பியல் முன்னேறியிருக்கிறது.

வேலூரில் நிகழ்ந்தது மட்டக்களப்புக்கு எவ்வகையில் உரியது என்று எவரும் கேட்பின், அவர் வாவிக்கரையில் நின்று மாந்தீவைப் பார்க்கட்டும். தொழுநோயாளரைச் சமூகத்திலிருந்து பிரித்து வைப்பதற்காகப் பிரித்தானியர் ஆட்சியில் வைத்தியசாலையாக்கப்பட்ட தீவு அது. நோயுற்றவரைத் தோணியிலேற்றி நீருக்கு நடுவே விடுவதே அக்காலத்து மருத்துவமாயிருந்தது. பின்னர் 1980களிற் பன்மருந்துச் சிகிச்சை வந்தது. கிருமியைக் கொல்வது எளிதாயிற்று. 1995இல் இலங்கை, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் இலக்கை எட்டியது. ஆயினும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் இந்நாட்டில் இனங்காணப்படுகின்றனர். அவர் தொகை கூடிய மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. கிருமி இறந்தபின்னும் கெட்ட நரம்பு உயிர்ப்பதில்லை. காலந்தாழ்த்தி வருபவரின் மடங்கிய விரல்களை மாத்திரை நிமிர்த்தாது. அதற்குப் பிராண்டுகள் வேண்டும்.

தொழுநோய் எவரோ சிலரின் துன்பம் என்று ஆறுதல் கொள்பவர், தத்தம் வீட்டுத் திண்ணையைப் பார்க்கட்டும். நீரிழிவு இன்று வீடுதோறும் குடியேறிவிட்டது. உணர்விழந்த பாதத்தோடு வெந்த மணலிலும், வயல் வரம்பிலும், வாவிச் சேற்றிலும் நடப்பவர் எத்தனை பேர்! மட்டிச்சிப்பி கிழித்ததை அறியாமல் வலைவீசி, மாலையிற் காலில் இரத்தங் கண்டு திடுக்கிடும் மீனவரின் நிலை, பூட்டைத் திருப்பிய அந்தச் சிறுவனின் நிலையேயாகும். அவருக்கு வேண்டியது விலையுயர்ந்த இயந்திரமன்று. பாரத்தைப் பரப்பும் ஒரு பாதரட்சையும், அதனை அவர் பாதத்துக்கேற்ப அமைக்கத் தெரிந்த ஒருவருமேயாம். இவற்றின்மேல், 2009 வரை நீடித்த போர் அங்கவீனராக்கியோரும், 2004 ஆழிப்பேரலையிற் படுகாயமுற்றோரும், பெருந்தெருவில் மோட்டார் சைக்கிள் விபத்திற் கால் முறிந்து வரும் இளைஞரும் உளர். என்பியல் வைத்தியரின் வாசலில் நிற்கும் இவ்வரிசையை நோக்கியபின்னும், பொறியியல் அறிந்த ஒருவர் அத்துறைக்கு வருவதை "வீண்" என்று சொல்லும் துணிவு எவருக்கு உண்டு?

எதிர்வாதிகளிடம் நியாயமே இல்லை எனக் கூறுவது நேர்மையாகாது. அவர்களது முதல் வாதம் வலிமையுடையது. 1945 முதல் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளது. பொறியியற் பீடத்தின் ஓரிடம் மக்கள் வரிப்பணத்தில் அமைந்தது. அதனைப் பெற்று முடித்தவர் மருத்துவபீடத்திலும் ஓரிடத்தைப் பெற்றால், எங்கோ ஒரு கிராமத்துப் பிள்ளை தன் இடத்தை இழக்கிறதன்றோ என்பர். கல்வியிற் பின்தங்கியதாகக் கணிக்கப்பட்டு விசேட ஒதுக்கீடு பெறும் மாவட்டமான மட்டக்களப்புக்கு இவ்வாதத்தின் கனம் நன்கு தெரியும். ஓரிடம் என்பது இங்கு ஒரு குடும்பத்தின் விதி. ஆகவே பாடசாலையிலிருந்து வரும் பிள்ளையின் இடத்தைப் பறித்துப் பட்டதாரிக்குக் கொடுக்கும் எந்தத் திட்டமும் அநீதியே.

ஆனால் இவ்வாதம் நிறுவுவது யாது? இடங்கள் போதா என்பதையே நிறுவுகிறது. அறிவு மாற்றம் வீண் என்பதை நிறுவவில்லை. மேலும், இச்சுவர் எல்லோருக்கும் ஒரே உயரமுடையதன்று. பணம் படைத்தவர் பிள்ளை எத்துறையிற் படித்திருந்தாலும், பின்னர் வெளிநாடு சென்று கட்டணம் செலுத்தி மருத்துவம் கற்கலாம், அதற்கு வழியுண்டு. வாழைச்சேனையிலும் வவுணதீவிலும் பிறந்த ஏழைப் பிள்ளைக்கே சுவர் சுவராக நிற்கிறது. இலவசக் கல்வியின் பெயரால் எழுப்பப்படும் வாதம், முடிவிற் காசுக்கு மட்டும் வாயில் திறந்து வைப்பதைக் காப்பாற்றுவதாயின், அது எவருக்கு ஊழியம் செய்கிறது என்பது சிந்தித்தற்குரியது.

வயது கடந்துவிடும் என்பது இரண்டாவது வாதம். ஐந்தாண்டு மருத்துவக் கல்வி, ஓராண்டு உள்ளகப் பயிற்சி, பின்னர் பட்டப்பின்படிப்பு என்று கணக்கிட்டு, நரை விழுந்தபின்னரே நிபுணராவார் எனச் சிரிப்பர். அமெரிக்காவில் முதலிற் பட்டமொன்று பெற்ற பின்னரே பெரும்பாலோர் மருத்துவக் கல்லூரியிற் சேர்கின்றனர். பொறியியற் பட்டதாரியும் அவருள் ஒருவராவர். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பட்டதாரிகளுக்கெனத் தனி அனுமதி வழிகள் உள. அந்நாடுகளின் நோயாளர் இதனால் நட்டமடைந்ததாக எவரும் முறையிடவில்லை. பிராண்ட் தம் முப்பதுகளிலேயே முதல் தசைநாணை இடம் மாற்றினார்.

மூன்றாவது வாதமே நயமானது. "மனித உடல் இயந்திரமன்று; கணக்குப் பார்ப்பவனிடம் கருணை இராது" என்பர். இவ்வாறு சொல்வோர் பொறியியலாளரையும் அறியார், மருத்துவத்தையும் அறியார். கணக்கு மட்டும் அறிந்தவர் நோயாளியைப் பொறியாகக் காணும் அபாயம் உண்டு என்பது மெய்யே. வழுக்கும் பொருள் போதுமென்று நம்பிய சார்ன்லியின் முதல் மூட்டு அதற்குச் சான்று. ஆனால் அவ்வபாயத்துக்கு மருந்து, பொறியியலாளரை மருத்துவத்துக்கு வெளியே நிறுத்துவதன்று. அவரை முழுமையாக உள்ளே அழைத்து, ஐந்தாண்டுகள் நோயாளியின் கட்டிலருகே நிற்கச் செய்வதேயாம். வெளியே நிற்பவர் செய்துதரும் கருவி, உடலை அறியாத கருவியாகவே இருக்கும். மறுபுறம், விசையறியா வைத்தியரின் கருணை, மூட்டுக்குப் பொருந்தாத திருகாணியைக் கருணையோடு பொருத்திவிடும். ஊரிலுள்ள முறிவு நெரிவு வைத்தியர்கூட மூங்கிற் பத்தையை எவ்விடத்தில் இறுக்கவேண்டும், எவ்விடத்தில் தளர்த்தவேண்டும் என்ற கணக்கைக் கைப்பழக்கத்தால் அறிந்தே கட்டுகிறார். அக்கணக்குப் பிழைத்தாற் கை கோணுமென்பதை அவர் அறிவார்.

இவையனைத்தும் அறிவியலாரின் வீட்டுச் சண்டை, கலைப்பீடத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். இம்மண்ணின் மைந்தரான விபுலாநந்த அடிகளை அவர்கள் மறந்துவிட்டனர் போலும். காரைதீவில் 1892இற் பிறந்த மயில்வாகனனார், கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்றவர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை 1920இற் பெற்றவர். அவரே 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். விஞ்ஞானம் கற்ற ஆண்டுகள் வீணாயினவா? 1947இல் அரங்கேறிய யாழ்நூலைத் திறந்து பார்ப்பவர், அழிந்துபோன இசைக்கருவியொன்றைக் கணிதத்தையும் ஒலியியலையும் துணைக்கொண்டு மீட்டெடுத்த முயற்சியை அங்கு காண்பர். தமிழ் மட்டும் கற்றவரால் அந்நூல் இயன்றிராது. பௌதிகவியல் மட்டும் கற்றவராலும் இயன்றிராது. அடிகளின் உருவச்சிலைக்கு ஆண்டுதோறும் மாலை சூட்டுவோர், அவர் கடந்த சுவரை மட்டும் இடிக்காது காத்துவருவது வேடிக்கையன்றி வேறென்ன?

குற்றங்கூறி ஓய்வது எளிது. ஆதலால் செய்யத்தக்கனவும் கூறப்படல் வேண்டும். மருத்துவபீடங்களில் தற்போதுள்ள அனுமதி எண்ணிக்கையைச் சிறிதும் குறைக்காமல், அதற்கு மேலதிகமாகச் சில இடங்கள் பட்டதாரிகளுக்கென ஏற்படுத்தப்படலாம். அவ்விடங்களுக்குத் தகுதிப் பரீட்சை கடுமையாக இருக்கட்டும். பட்டம் பெற்றபின் குறித்த ஆண்டுகள் பின்தங்கிய மாவட்டங்களிற் பணியாற்றவேண்டும் என்ற உடன்படிக்கையும் இருக்கட்டும். மக்கள் பணத்தை இருமுறை பெற்றவர், மக்களுக்கு இருமடங்கு திருப்பித் தருவது நீதியே.

இதற்குச் சட்டத் திருத்தமும் காலமும் தேவைப்படலாம். ஆனால் நாளையே தொடங்கக்கூடியதொன்றும் உண்டு. 1981இற் கல்லூரியாகத் தோன்றி 1986இற் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர் மட்டக்களப்பில் உளர். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் ஒலுவிலில் உளது. இரண்டும் ஒரே கரையோரப் பெருந்தெருவில் அமைந்தவை. ஒரே பேருந்தில் ஏறி இறங்கும் தூரம். இறுதியாண்டுப் பொறியியல் மாணவர் செய்யும் ஆய்வுத்திட்டங்களுட் சில, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் என்புமுறிவு விடுதியிலிருந்து பிறக்கலாகாதா? உணர்விழந்த பாதத்துக்கு உள்ளூர் ரப்பரில் ஒரு பாதரட்சை. மடங்கிய விரலுடையோர் பிடிக்கத்தக்க ஒரு மண்வெட்டிப் பிடி. தோணியில் ஏறி இறங்க ஏற்ற ஒரு பொய்க்கால்: இவை தலைப்புகளாகா என எந்தப் பேராசிரியர் கூறுவார்? மருத்துவ மாணவருக்கு ஒரு பருவம் பொறியியல் விரிவுரையாளர் ஒருவர் நெம்புகோலைப் பற்றி மீண்டும் எடுத்துரைத்தால் எவர் மானம் போகும்?

மண்முனையில் 2014ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்படும் வரை, எழுவான்கரையையும் படுவான்கரையையும் அங்கு இணைத்தது "பாதை" என இப்பகுதியார் அழைக்கும் மிதவையே. பாதை வரும்வரை நோயாளியும் காத்திருந்தார். நெல் மூடையும் காத்திருந்தது. பாலம் அமைந்தபின், "இத்தனை காலம் பாதையிற் கடந்தோமே, அதெல்லாம் வீண்" என்று எவரும் அழவில்லை. இத்தனை காலம் பாலம் இல்லாதிருந்ததே என்றுதான் நொந்தனர். கல்வியின் இரு கரைகளுக்கும் இடையே இன்று பாதையும் இல்லை, பாலமும் இல்லை. நீந்திக் கடந்து கரையேறும் ஒருவரைப் பார்த்து, நனைந்த உடைக்கு இரங்குவது அறிவுடைமையாகாது.

பொறியியலாளர் ஒருவர் என்பியல் வைத்தியராகும்போது வீணாவது எதுவுமில்லை. அவர் கற்ற விசையும் நெம்புகரமும் நோயாளியின் மூட்டிலே சென்று பயன் தருகின்றன. மெய்யாகவே வீண்போன ஆண்டுகள் வேறு உள. நிமிர்த்தியிருக்கக்கூடிய விரல்களோடு மாந்தீவிற் கழிந்த ஆண்டுகள் அவை. காப்பாற்றியிருக்கக்கூடிய காலை இழந்து திண்ணையில் முடங்கிய மீனவரின் ஆண்டுகள் அவை. "வீண்" என்ற சொல்லை உச்சரிக்க விரும்புவோர், முதலில் அந்த ஆண்டுகளை எண்ணிக் கணக்கு முடித்துவிட்டு வரட்டும்.